வீட்டு அலமாரிக்கு நூலகர் வேண்டாம்

கேள்வி:

அம்மா, வணக்கம். நூலகராக வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. புத்தகம் என்றால் உயிர், அதனால்தான் இந்தப் படிப்பையே எடுத்தேன். இப்போது பகல் முழுக்கப் புத்தகங்களுக்கு நடுவில் இருக்கிறேன். இரவில் ஒரு பக்கம் தாண்ட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இதே கதைதான். ஆனால் வாங்குவது மட்டும் நிற்கவில்லை, மாதம் நான்காவது வாங்கிவிடுகிறேன். பழைய புத்தகக் கடையில் எடுத்ததும் அதில் சேர்த்தி. படிக்காதவற்றை எக்செல்லில் பட்டியல் போட்டேன்: 140. கட்டில் பக்கத்தில் தரையில் அடுக்கி வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் பாட்டுப் போட்டுக்கொண்டு மணிக்கணக்காகப் படிப்பேன். இப்போது பாட்டு முடிந்துவிடுகிறது, பக்கம் நகர்ந்திருக்காது. "வேலையிலும் புத்தகம், வீட்டிலும் புத்தகமா?" என்கிறார் வீட்டுக்காரர். "நூலகராச்சே, இப்ப என்ன படிக்கிறீங்க?" என்று யாராவது கேட்டால் பொய் சொல்கிறேன். நான் இந்த வேலைக்குத் தகுதியானவள்தானா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்களைத் தூங்க விடாமல் செய்வது அதுதான் என்று தோன்றுகிறது. தகுதி உண்டு, சந்தேகமே வேண்டாம். நம் நூலகத் துறையில் எல்லோரும் கும்பிடும் எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் பதவிக்கு வந்தார். வந்த சில வாரங்களிலேயே, இந்தத் தனிமையில் என்னால் உட்கார முடியவில்லை, பழைய வகுப்பறைக்கே அனுப்பிவிடுங்கள் என்று நிர்வாகத்திடம் போய் நின்றார். லண்டன் போய் நூலகவியல் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பழைய வேலையைத் தருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். போனவர் நூலகராகவே திரும்பி வந்தார். அவருக்கே அலுத்திருக்கிறது. நமக்கு அலுத்தால் என்ன?

அடுத்து அந்தப் பொய். நானும் சொல்லியிருக்கிறேன், உங்களைவிடச் சரளமாக. முப்பத்தொரு வருட சர்வீஸில் நடுவில் ஓர் ஆறு வருடம், ஒரு புத்தகத்தைக்கூட முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை நான் படித்ததில்லை. கவுன்ட்டரில் யாராவது கேட்டால் அந்த வாரம் பகுப்பு எண் (எந்தப் பொருளில், எந்த ரேக்கில் சேரும் என்று காட்டும் எண்) போட்ட ஏதோ ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்வேன். முன்னுரை, உள்ளடக்கம், பின்னட்டை மூன்றையும் பார்த்திருப்பதால் ஐந்து நிமிடம் அதைப் பற்றிப் பேசவும் முடியும். ஒருவர்கூடக் கண்டுபிடித்ததில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நம்மைப் படிக்க விடாமல் செய்வது தொழில் கொடுத்த கண். புத்தகம் கைக்கு வந்ததும் தலைப்புப் பக்கத்தைப் பார்க்கிறோம். அதைத் திருப்பி பதிப்பு விவரம் பார்க்கிறோம். உள்ளடக்கம் எப்படி, பின்னால் சொல்லடைவு இருக்கிறதா, படம் உண்டா, எத்தனை பக்கம், எத்தனை சென்டிமீட்டர் உயரம். பத்து நிமிடத்தில் அது எதைப் பற்றியது, யாருக்கு ஆகும், எந்த ரேக்கில் நிற்கும் என்று முடிவாகிவிடும். பகலெல்லாம் இப்படிப் பார்த்தவள் இரவில் ஒரு நாவலைத் திறந்தால், இரண்டாவது பத்தியிலேயே மூளை வேலையை முடித்துவிடுகிறது: குடும்பக் கதை, மெதுவான நடை, பெரியவர்களுக்குப் பிடிக்கும், சரி, அடுத்தது. ஆனால் அடுத்தது என்று ஒன்றும் இல்லை. கையில் இருப்பது அதே புத்தகம்தான், இன்னும் முந்நூறு பக்கம் மீதி. வெறும் களைப்பாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சரியாகியிருக்கும். உங்களுக்கு ஆகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகள் உங்களுக்கு மனப்பாடம். மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நூல்கள் பயன்பாட்டுக்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. நூலகம் வளரும் உயிரி. ஒரு நூலகத்தை நடத்த இதைவிட நல்ல சட்டம் எனக்குத் தெரியாது. கோளாறு என்னவென்றால், இதை நாம் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். மூன்றாம் விதிப்படி உங்கள் கட்டில் பக்கத்து 140 புத்தகத்துக்கும் ஆளுக்கொரு வாசகர் வேண்டும். அங்கே இருக்கும் ஒரே வாசகர் நீங்கள். அதனால் 140-உம் சேர்ந்து உங்களையே முறைக்கின்றன. நான்காம் விதிப்படி நேரத்தை வீணாக்கக் கூடாது. அதனால் எதை எடுத்தாலும் 'இதைவிட முக்கியமானது அங்கே கிடக்கிறதே' என்று ஒரு குறுகுறுப்பு. ஐந்தாம் விதியை மட்டும் மாதாமாதம் தவறாமல் கடைப்பிடிக்கிறீர்கள்.

வீட்டு அலமாரி நூலகம் இல்லை. அதற்கு நூலகர் வேண்டாம். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பது.

என்னுடைய அந்த ஆறு வருடம் முடிந்தது ஸ்டாக் எடுக்கும்போது. ஒருவர், நூலகத்துக்கு வந்த புத்தகங்களை வரிசையாக எழுதிவைக்கும் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து எண்ணைப் படிப்பார், இன்னொருவர் ரேக்கில் புத்தகத்தைத் தொட்டு 'இருக்கு' என்பார். நான் தொடுகிற ஆள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டியூயி முறையில் 598, பறவைகள், அடித்தட்டு. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனதால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு புத்தகத்தின் முதுகுச் சீட்டு உரிந்திருந்தது. எண்ணைப் பார்க்க உள்ளே திறந்தேன். தேதிச் சீட்டில் கடைசி முத்திரை விழுந்து ஒன்பது வருடமாகியிருந்தது. கை தவறித் திறந்த பக்கத்தில் காகம். கூட்டுக்குக் குச்சியோடு கம்பித் துண்டையும் கொண்டுவந்து அது செருகுகிறது. அந்தக் கூட்டில் குயில் முட்டையிட்டுவிட்டுப் போகிறது. இது நமக்கெல்லாம் சின்ன வயதிலேயே தெரிந்த விஷயம்தான். ஆனால் எழுதியவர் ஒரு கூட்டின் அடியில் நாள்கணக்கில் கழுத்து வலிக்க நின்றிருக்கிறார், அது வரிக்கு வரி தெரிந்தது. அந்தப் புத்தகத்தை யாரும் என்னிடம் கேட்டதில்லை, யாருக்கும் சிபாரிசு செய்யும் அவசியமும் எனக்கு இல்லை. பதிவேடு வைத்திருந்தவர் அடுத்த எண்ணை மூன்று தடவை கூப்பிட்டாராம், எனக்குக் காதில் விழவில்லை. பதினோரு பக்கம் போயிருந்தது. எழுந்தபோது இடது கால் மரத்துப்போயிருந்தது.

அன்று அதை என் பெயரிலேயே இரவல் பதிந்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். நீங்களும் அதையே செய்யுங்கள். 140-ஐத் தொட வேண்டாம். உங்கள் நூலகத்தில் நீங்கள் யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுத்திராத ஒரு ரேக் இருக்கும்: பாலம் கட்டுவதோ, பூஞ்சையோ, முடிச்சுப் போடும் கலையோ. அங்கே கீழ்த்தட்டில் இருந்து ஒன்றை எடுங்கள். முறையாக உங்கள் பெயரில் பதியுங்கள், தவணைத் தேதி விழட்டும். சொந்தப் புத்தகம் பத்து வருடம் காத்திருக்கும், இரவல் புத்தகம் காத்திருக்காது. படிக்கும்போது பென்சில் வேண்டாம், குறிப்பு வேண்டாம். படித்த பக்கங்களைக் கூட்டிக் காட்டும் செயலி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். நூலகத்தில் வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துகிறோம் அல்லவா, வீட்டில் உங்கள் நேரத்தை தாராளமாக வீணாக்குங்கள்.

பிடிக்கவில்லை என்றால் மூடி வைத்துவிடலாம். நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஐம்பது வயது வரை எந்தப் புத்தகத்துக்கும் ஐம்பது பக்கம் கொடுத்துப் பார். அதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து, வருகிற அத்தனை பக்கம் மட்டும் படித்தால் போதும். என் வயதுக்கு 34 பக்கம். வருடத்துக்கு ஒரு பக்கம் குறைவதில் ஒரு குரூர சந்தோஷம் இருக்கிறது.

இனி பாட்டு. இதில் உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. வாய்விடாமல் படிக்கும்போதும் உள்ளே ஒரு குரல் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் வார்த்தையும் அந்தப் பாதையிலேயே நுழைகிறது. 1976-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வரிசையாகக் காட்டிய எழுத்துகளை வரிசை மாறாமல் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். காதில் ஜெர்மன் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கேட்டவர்களுக்கு ஜெர்மன் தெரியாது, கவனிக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அப்படியும் பிழை கூடியது. 1989-இல் சலாமே, பேட்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் பாட்டையும் வாத்திய இசையையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பாட்டுத்தான் நினைவை அதிகம் குலைத்தது. இவை வரிசையை நினைவில் வைக்கும் சோதனைகள். நாவல் படிப்பதை அளந்தவை அல்ல. ஆனாலும் என் அனுபவம் இதோடு ஒத்துப்போகிறது.

முன்பு முடிந்ததே என்று கேட்பீர்கள். முன்பு நீங்கள் கவுன்ட்டரில் உட்கார்ந்துவிட்டு வரவில்லை. நூலகம் அமைதியான இடம் என்று நினைப்பவர்கள் அதன் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள். இந்தப் பக்கம், "பேர் ஞாபகம் இல்லைங்க, நீல அட்டை, போன தடவை அந்த மூலையில இருந்துது" என்பதைக் கேட்டு, அந்த நீல அட்டையைக் கண்டுபிடித்து, அது பச்சை என்று தெரிந்து, அப்படியும் சிரித்த முகத்தோடு கொடுக்க வேண்டும். எட்டு மணி நேரம் காது வார்த்தைகளை வாங்கியிருக்கிறது. அதன் மேல் இன்னும் இரண்டு விதமான வார்த்தைகளை, கண் வழியாக ஒன்றும் காது வழியாக ஒன்றும், ஒரே சமயத்தில் ஊற்றினால் எது தங்கும்?

பாட்டையும் நாம் இப்படிப் பின்னணிக்குத் தள்ளி அவமதிக்கிறோம் என்பது என் கட்சி. ஒருவர் ஒரே வரியை எடுத்துக்கொண்டு நிரவலில் பத்து விதமாகத் திருப்பிக் காட்டுகிறார். நாம் அப்போது பக்கம் புரட்டிக்கொண்டிருந்தால் அந்த வரியும் போச்சு, இந்தப் பக்கமும் போச்சு.

எனக்கு வழி காட்டியது பழைய இசைத்தட்டு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் எல்.பி. தட்டு 1948-இல் வந்தது. ஒரு பக்கம் ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும். முடிந்ததும் முள் வெறும் தடத்தில் சரசரக்கும். யாராவது எழுந்து போய்த் திருப்ப வேண்டும். வேலை முடிந்து வந்ததும் ஒரு பக்கம் போடுவேன். அந்த இருபது நிமிடம் கையில் எதுவும் கிடையாது. புத்தகம் மட்டுமல்ல, துணி மடிப்பதுகூடக் கிடையாது. முதல் ஐந்து நிமிடம் அன்றைய நாளின் சச்சரவு தலைக்குள் ஓடும். அப்புறம் எங்கேயோ ஒரு கமகத்தில் அது விட்டுப்போகும். தட்டு நின்றதும் திருப்ப மாட்டேன். அந்த அமைதியில் புத்தகத்தை எடுப்பேன், தட்டின் இன்னொரு பக்கம் ஓடியிருக்கும் நேரத்துக்கு. இப்போது தட்டும் இல்லை, முள்ளும் இல்லை, போனில்தான் கேட்கிறேன். இருபது நிமிடக் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. போனில் கேட்பதாக இருந்தால் ஒரு விஷயம்: ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தானாகப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். இசை ஓரிடத்தில் முடிய வேண்டும். முடியாத இசைக்குப் பின்னால் அமைதி எப்படி வரும்?

அமைதியே தாங்கவில்லை என்றால் படிக்கும்போது சொல் இல்லாததாகப் பாருங்கள். புல்லாங்குழல் ஆலாபனை ஆகும். வெறும் தம்புரா சுருதி இன்னும் உத்தமம். தெரிந்த பாட்டின் மெட்டை வயலினில் வாசித்தால் ஆகாது; மனசு சும்மா இருக்காமல் வரிகளைத் தானே போட்டுப் பாடிக்கொள்ளும். (வேலை நேரத்திலும் ஓர் இடம் உண்டு: 780-இல், இசை நூல்கள் ரேக்கில், திரும்பி வந்ததை அடுக்கும்போது முணுமுணுப்பேன். மற்ற ரேக்குகளில் ஏனோ பாட்டு வராது.)

வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒரு நாளைக்கு இருபது பக்கம் என்றால் வருடத்துக்கு 7,300. புத்தகம் ஒன்றுக்கு 250 பக்கம் என்று வைத்தால் 29 புத்தகம். நீங்கள் வாங்குவது வருடத்துக்கு 48. நன்றாகப் படிக்கும் வருடத்திலும் 19 மிச்சம் விழும். இதைச் சொல்வது வாங்குவதை நிறுத்த அல்ல. இது அடைக்கக்கூடிய கடன் இல்லை, அதனால் கடன் என்று நினைக்காதீர்கள் என்பதற்காக. அந்த எக்செல் கோப்பை இன்று அழித்துவிடுங்கள். 140 என்ற எண் இல்லாமல் போனால் புத்தகங்கள் ஒன்றும் குறையப் போவதில்லை.

ஏன் இவ்வளவு வாங்குகிறோம் என்பதை நான் வெகு நாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். வேலையில் வாங்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும். யார் பரிந்துரைத்தது, ஏற்கெனவே பிரதி இருக்கிறதா, பட்ஜெட் எந்தத் தலைப்பு, கழிவு எத்தனை சதவீதம், கமிட்டியில் யார் கையெழுத்து. தன் கைக்காசைக் கொடுத்து வாங்கும்போதுதான் யாருக்கும் ஒரு காரணமும் சொல்லாமல் ஒன்றை எடுக்க முடிகிறது. அந்தச் சுகம் வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. படிப்பது வேறு சுகம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, வாங்கியும் படிக்கவில்லையே என்று அழுகிறோம். சினிமா பார்த்துவிட்டு வந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு யாரும் அழுவதில்லை.

ஆனாலும் ஒரு கட்டுப்பாடு எனக்கு உதவியது. நேரில் போய் வாங்கும் நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கிவிடுவேன். நின்றபடி நடுவிலிருந்து ஐந்து பக்கம் படித்த புத்தகத்தைத்தான் வாங்குவது. வாங்கியதை அடுக்கில் வைப்பதற்கு முன் அன்றைக்கே பத்துப் பக்கம். தொடங்கிய புத்தகம் தானாகக் கூப்பிடும், தொடங்காததை நாம்தான் கூப்பிட வேண்டும்.

நம் தொழில் கண் வீட்டுக்கு வேண்டாம் என்றேன், கடைக்கு வேண்டும். அட்டை மாறி வந்த மறு அச்சைப் புதுப் புத்தகம் என்று நினைத்து, வீட்டில் இருப்பதையே திரும்ப வாங்காத நூலகர் யாரும் இருக்க முடியாது. பதிப்பு விவரப் பக்கத்தில் 'பதிப்பு' என்று இருக்கிறதா, 'மறு அச்சு' என்று இருக்கிறதா என்று பாருங்கள். மறு அச்சு என்றால் உள்ளே புதிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அச்சான வருடமே போடாத பழைய பிரதிகளில், புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைப் பாருங்கள். அது 13 இலக்கமானது 2007 ஜனவரியில். பத்து இலக்கம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய அச்சு.

வீட்டுக்காரர் கேட்டதில் தப்பில்லை. அவருக்கு நீங்கள் படித்துச் சந்தோஷப்பட்டுத் தெரியவில்லை, படிக்கவில்லையே என்று வருத்தப்பட்டுத்தான் தெரிகிறது. நல்ல பத்தி ஏதாவது வந்தால் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவார், அதுவும் ஒரு மதிப்புரைதான்.

"என்ன படிக்கிறீங்க?" என்று அடுத்த தடவை யாராவது கேட்டால், "இப்ப ஒண்ணும் படிக்கலைங்க, நீங்க?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். நான் முதல் தடவை அப்படிக் கேட்டபோது, தினமும் செய்தித்தாளை மட்டும் புரட்டிவிட்டுப் போகும் ஒரு பெரியவர் இருபது நிமிடம் பேசினார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது, யாரும் முணுமுணுக்கவில்லை, அவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்ன புத்தகம் எங்களிடம் இருந்தது. முதுகுச் சீட்டை நானே எழுதி ஒட்டியிருந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பி.கு.: தரையில் அடுக்க வேண்டாம். ஈரம் கீழிருந்துதான் ஏறும். ஒரு பலகையைப் போட்டாவது உயர்த்திவிடுங்கள். கனமானவற்றைப் படுக்க வையுங்கள், மற்றவை நிற்கட்டும், நெருக்கிச் செருக வேண்டாம். எடுக்கும்போது முதுகின் உச்சியில் விரலைக் கொக்கிபோலப் போட்டு இழுக்காமல், இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் சற்று உள்ளே தள்ளிவிட்டு நடுவில் பிடித்து எடுங்கள். இதை வாசகர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்திருப்பீர்கள், வீட்டில் நீங்களே உச்சியைப் பிடித்துத்தான் இழுப்பீர்கள், நான் இழுத்திருக்கிறேன். பழைய கடையிலிருந்து வருவதை இரண்டு வாரம் தனியே ஒரு பையில் இறுக்கிக் கட்டி வைத்து, ராமபாணப் பூச்சி ஏதாவது தென்படுகிறதா என்று தட்டிப் பார்த்த பிறகு மற்றவற்றோடு சேருங்கள். அதற்கு பைண்டிங் பசைதான் விருந்து. நாப்தலீன் உருண்டையைப் படுக்கையறையில் போட்டுவிடாதீர்கள், இரவெல்லாம் அந்த வாடையை மூச்சில் இழுப்பது நல்லதில்லை.